கொடியில் காய்ந்த உடுப்பு

பேராதனையில் மகாவலியைக் கடக்கும் பழைய ரயில் பாலத்தைப் பொம்மை ரயில் ஓடும் மாதிரியாகச் செய்ய, கூட்டாளிகள் சிலர் சேர்ந்து திட்டமிட்டோம். ஆளுக்கொரு பலகையை வீட்டில் செய்து, பிறகு ஒன்றாகப் பொருத்த வேண்டும். வரைபடம் என்னுடையது. ஆற்றங்கரைப் பலகை செல்விக்கு.

"அண்ணே, இங்க ரயில் ரோட்டு வேலையாளுங்க லயம் இருந்துச்சு, வரிசையா சின்னச் சின்ன வீடு. நான் பொறந்ததே அங்கதான். அதையும் வைக்கவா?" என்று கேட்டார்.

"லயமெல்லாம் வேணாம், அழகா இருக்காது. மரம் மட்டும் வைங்க," என்றேன்.

பொருத்திய அன்று அவர் பலகையில் மரங்கள்தான் இருந்தன. ஆனால் இரண்டு மரங்களுக்கு நடுவே நூல் கட்டி, நகமளவு உடுப்புகளைக் காயப்போட்டிருந்தார்.

"வீடே இல்ல, இது யாரு உடுப்பு?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். செல்வி என்னைப் பார்த்தார். நான் அவசரமாக ரயிலை ஓடவிட்டேன்.

நானும் லயத்தில் பிறந்தவன். கூட்டாளிகளில் அது செல்விக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.