சனிக்கிழமைகளில் தபால் வராது

எங்கள் கட்டடத்தின் வாசலில், தபால் பெட்டிகளுக்கு மேலே ஒட்டியிருந்த அந்தத் தாளை நான் இரண்டு தரம் வாசித்தேன். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் வீடுகளுக்குக் கடிதம் கொண்டுவர மாட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரியில் எழுதியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் இருந்த ஜெர்மன் மூதாட்டி எனக்குப் பக்கத்தில் நின்று அதை வாசித்துவிட்டு, இனி இதுவும் இல்லையா என்று தலையை ஆட்டினார். அவருக்காக நானும் முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் போனதும் படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறினேன். அத்தானுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், அக்கா, அக்காவின் கணவரான அத்தான், நான் என்று மூன்று பேரும் இரண்டு அறை வீடொன்றில் இருந்தோம். அரச தபாலுக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் பயந்ததில்லை. அதில் விளம்பரத் தாள்களும் ஊரிலிருந்து கல்யாணக் கார்டுகளும்தான் வரும். எங்களைக் கலங்கடித்தது ஒரு தனியார் தபால் நிறுவனம். செலவு குறைவு என்று பல அலுவலகங்கள் தங்கள் கடிதங்களை அவர்களிடம் ஒப்படைத்திருந்தன. வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதங்களும் அவர்களுடைய பையில்தான் வந்தன. அந்த நிறுவனத்தின் ஆள் சனிக்கிழமை காலை ஒன்பது மணியளவில் எங்கள் தெருவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். நல்ல மனிதர், கண்டால் வணக்கம் சொல்லாமல் போகமாட்டார். ஆனால் அவர் கடிதத்தைத் தந்துவிட்டுப் போன பிறகு அலுவலகமும் பூட்டு, வழக்கறிஞரும் பூட்டு. திங்கட்கிழமை வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அத்தான் ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரர். அவருடைய அகதி விண்ணப்பத்தை எப்போதோ நிராகரித்துவிட்டார்கள். திருப்பி அனுப்புவதைத் தற்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் ஒரு தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கொண்டு எட்டு வருடங்களை ஓட்டியிருந்தார். இவ்வளவு காலம் ஒழுங்காக வேலை செய்தவர் என்ற காரணத்தைக் காட்டி, நிரந்தரமாக இருப்பதற்கு ஒரு புது விண்ணப்பம் போட்டிருந்தோம். அதன் முடிவைத்தான் வீடே பார்த்துக்கொண்டிருந்தது. அது சரிவராவிட்டால் அத்தான் போகவேண்டும். அத்தான் போனால் அக்காவும் போகவேண்டும்.

அத்தானின் பழைய நிராகரிப்புக் கடிதம் வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, ஒன்பதே காலுக்கு உடைத்தாராம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் இராகு காலம். "இராகு காலத்திலை உடைச்சன் தம்பி. அதுதான் அப்பிடிப் போச்சு" என்பார். அதிகாரி அதை எழுதிக் கையெழுத்து வைத்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும், உறையை எப்போது கிழித்தாலும் உள்ளே இருக்கும் எழுத்து மாறுமா என்று கேட்டால், "சனிப் பிணம் தனிப் போகாது. சனிக்கிழமைக் கடிதமும் அப்பிடித்தான்" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சனிக்கிழமை வரும் கடிதம் எதுவானாலும் முருகன் படத்துக்குப் பின்னால் போய்விடும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் மறுபடி இராகு காலம். அதுவும் கழிந்து, ஒன்பது மணிக்குப் பிறகுதான் கடிதம் வெளியே வரும், ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த நான் வாசிப்பேன். இந்தச் சட்டத்தை நான் கேலி செய்தபோது அத்தான் ஒருமுறை சொன்னார்: "திறந்தா ரெண்டு நாள் அழவேணும். திறக்காட்டி ரெண்டு நாள் பயப்பிடவேணும். பயந்துகொண்டு சமைக்கலாம், அழுதுகொண்டு சமைக்க ஏலாது." அதற்குப் பிறகு நான் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ஒரு ஏப்ரல் மாதச் சனிக்கிழமை அந்தக் கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. அதைப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, ஒன்பதரைக்கு வேலைக்குப் போய்விட்டார். அக்கா துப்புரவு வேலைக்கு விடியவே போயிருந்தாள். வீட்டில் நானும் முருகனும்தான். கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, நல்ல இராகு காலத்தில், கேத்திலின் ஆவியைக் காட்டி உறையைத் திறந்தேன்.

விண்ணப்பம் தொடர்பாகத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நேரில் வரச்சொல்லி எழுதியிருந்தது. சம்பளத் தாள்கள், வீட்டு ஒப்பந்தம் எல்லாம் கொண்டுவர வேண்டும். தகுந்த காரணமில்லாமல் வராவிட்டால் இருப்பதை வைத்தே முடிவெடுப்போம் என்று கடைசி வரி. கடிதத்தின் திகதியைப் பார்த்தேன். எழுதி இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்கே சுற்றித் திரிந்ததோ தெரியாது. எங்கள் சட்டப்படி அதைத் திறக்கும்போது எட்டு மணி கழிந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். முன்னமே திறந்தாலும், எட்டு மணி இராகு காலம் என்று அத்தான் போகமாட்டார்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இராகு காலத்தில் திறந்த கடிதம் என்று தெரிந்தால் மனம் உடைந்துபோவார். அங்கே போய் அதிகாரியின் முன்னால் தோற்றவர் போலத்தான் இருப்பார். அதைவிட, அவருடைய கடிதத்தைத் திருட்டுத்தனமாகத் திறந்த வெட்கம் எனக்கு. பானையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசித்து உறையை ஒட்டி, திரும்ப முருகனிடமே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை. காலையில் கலண்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு மெல்லத் தொடங்கினேன்.

"அத்தான், இராகு காலம் சூரியனைப் பாத்துத்தானே கணிக்கிறது?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"போன மாதம் இஞ்சை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிப்போட்டாங்கள். சூரியனை ஆரும் தள்ளேல்லையே. அப்ப திங்கட்கிழமை இராகு துவங்கிறது ஏழரைக்கில்லை, எட்டரைக்கு. யோசிச்சுப் பாருங்கோ."

குழம்பில் உப்புப் பார்ப்பவரைப் போல அத்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். என் கணக்கு சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"நீ சொல்லுறதிலை ஞாயம் இருக்கு" என்றார் கடைசியில். உடனே வேறொரு கவலை வந்துவிட்டது. "அப்ப இவ்வளவு காலமும் கோடையிலை நாங்கள் பிழையான நேரம் பாத்தனாங்களோ? கடவுளே!"

"போனது போகட்டும் அத்தான். நாளைக்கு விடிய ஆறு மணிக்குத் திறப்பம். பத்து மணி வரைக்கும் ஏன் காத்திருப்பான்?"

ஆறு மணிக்குத் திறந்தோம். முதல்முறை வாசிப்பவன் போல நான் தட்டித் தட்டி வாசித்தேன். எட்டு மணி என்றதும் அத்தான் எழும்பிவிட்டார். அக்கா சம்பளத் தாள்களைத் தேடி மெத்தையைக்கூடப் புரட்டினாள். சுரங்க ரயிலும் பஸ்ஸும் மாறி, எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம். உள்ளே இருந்த பெண் அதிகாரி தாள்களைப் புரட்டி, நாலைந்து கேள்விகள் கேட்டார். எட்டரைக்கு முன்னம் எழும்பிவிட வேண்டும் என்று அத்தான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். முடிவைத் தபாலில் அறிவிப்போம் என்றார் அதிகாரி.

"எந்தக் கிழமை வருமெண்டு கேள் தம்பி" என்றார் அத்தான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அது ஒரு புதன்கிழமை வந்தது. இரண்டு வருடத்துக்கு வதிவிட அனுமதி, பிறகு நீட்டிக்கலாம். அக்கா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சமையலறைத் தரையிலேயே இருந்துவிட்டாள். எனக்கும் அன்றைக்குத்தான் மூச்சு ஒழுங்காக வந்தது. ஆனால் அத்தானின் சனிக்கிழமைப் பயம் போகவில்லை. தந்தவர்கள் பறிக்கவும் முடியும் என்றார். கீழே தபால் பெட்டி மூடி அடிபடும் சத்தம் கேட்டால், கதைத்துக்கொண்டிருக்கும் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

அந்தத் தனியார் நிறுவனம் வாசலில் அந்தத் தாளை ஒட்டியது அதற்குப் பிறகுதான். சனிக்கிழமைத் தபால் நின்றதால் கஷ்டப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். மூன்றாம் மாடி மூதாட்டிக்கு அந்தச் சைக்கிள்காரருடன் கதைக்கும் இரண்டு நிமிடம் இல்லாமல் போனது. இப்போது என் கைப்பேசியில் சனி, ஞாயிறு, தீபாவளி என்று பார்க்காமல் வேலைச் செய்திகள் வந்து விழும்போது, அந்த நாலு வரித் தாளை எழுதியவரை நினைத்துக்கொள்வேன். இரண்டு நாள் ஒருவரையும் தொந்தரவு செய்யமாட்டோம் என்று எழுதித் தருவதற்கு இப்போது ஆள் இல்லை.

தபால் வராத முதல் சனிக்கிழமை. ஒன்பது மணி ஆனது, ஒன்பதே கால் ஆனது, கீழே ஒரு சத்தமும் இல்லை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான் தேத்தண்ணி போட்டு அத்தானுக்கு முன்னால் வைத்துவிட்டு, எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, ஆவியில் திறந்ததையும் மணிக்கூட்டுக் கதையையும் முழுக்கச் சொல்லி முடித்தேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

"அப்ப இராகு காலத்திலையோ எனக்கு விசா கிடைச்சது?"

"ஓம் அத்தான்."

ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். மேசை ஆடும் அளவுக்குச் சிரித்தார். "அக்காவிட்டைச் சொல்லிப்போடாதை. அவள் பிறகு என்ரை ஒரு சொல்லையும் கேளாள்" என்று சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தவர், நாக்கைச் சுட்டுக்கொண்டு சட்டென்று கீழே வைத்தார்.

"எட்டு வருசமாச் சனிக்கிழமையிலை தபால் சத்தத்துக்குக் காதைக் குடுத்துக்கொண்டு நான் ஆறின தேத்தண்ணிதானடா குடிச்சனான்" என்றார். "சுடுமெண்டதையே மறந்துபோனன்."