அண்ணன் பிரிக்காமல் வைத்த கடைசித் தாள்கள்

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வருகிற சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் கொடுக்க மலர் போடுகிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதோணும் அத்தை என்று அண்ணன் மகன் சொன்னான். நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. பேசுவதைவிட எழுதுவது சுலபம் என்று அவன் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது மலையாள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, இதே தோட்டத்து வீட்டில்தான். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எட்டாவது படிக்கும்போதே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். கிணறு வற்றிய வருஷங்களில் கடலைக்காடு காய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர். தென்னையில் நோய் விழுந்து குருத்துக் குருத்தாகச் சாய்ந்தபோதும் வீட்டுக்குள் சிடுசிடுத்து நாங்கள் பார்த்ததில்லை. தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ஏதாவது படிக்க உட்கார்ந்துவிடுவார்.

பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிரப் படிப்பை விடவில்லை. கடலை மடித்து வந்த தாளைக்கூடப் படிக்காமல் கசக்க மாட்டார். "மொதல்ல கடலையத் தின்னுங்க, தாளு எங்கயும் ஓடிப் போகாது" என்று அண்ணி சத்தம் போடுவார். "கடலையும் ஓடாது" என்பார் அண்ணன், தலையைத் தூக்காமல். வாயனசாலை என்கிற ஊர் நூலகத்துக்குப் போய் மலையாளப் பத்திரிகை படித்துவிட்டு வந்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். தமிழ்ப் புத்தகத்துக்குப் பொள்ளாச்சி பஸ் ஏறுவார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேங்காய் போட்டு வைக்கும் சாளையில் பாய் விரிப்பார். வருகிறவர்கள் அந்த வாரம் படித்ததிலோ கேட்டதிலோ மனசில் நின்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தகம்தான் என்றில்லை. ரேடியோவில் கேட்ட பேச்சு, சந்தையில் காதில் விழுந்த சங்கதி, எதுவும் ஆகும். சொல்ல ஒன்றும் கொண்டுவராதவர் அன்றைக்கு எல்லாருக்கும் டீ ஊற்ற வேண்டும். இது அண்ணன் வைத்த சட்டம். அங்கே வருஷக்கணக்கில் டீ ஊற்றியவள் நான்தான் என்பது வந்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

மலையாளம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மாஷ் டம்ளரை வாங்கும்போது, "எந்தா அம்முணி, இந்த வாரமும் டீ தானா?" என்பார்.

ஆட்டோ ஓட்டுகிற கதிர்வேல் விட மாட்டான். "அக்கா டீக்காகத்தானுங்க மாஷே நான் வர்றதே. அக்கா பேச ஆரம்பிச்சுட்டா நம்ம கதி என்ன ஆகறது?"

"நீ சொல்ற கதையக் கேக்கோணும்னா டீயாவது நல்லா இருக்கோணுமில்ல" என்று அங்கன்வாடி சரோஜா டீச்சர் அவன் தலையில் ஒன்று வைப்பார். அண்ணன்தான் ரொம்பச் சிரிப்பார். சிரித்துவிட்டு என்னை ஒருக்கா பார்ப்பார்.

ஒருமுறை சந்தையில் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு நாவல் கொண்டுவந்தார். அட்டை இல்லை. வாரம் கொஞ்சமாக அவரே வாசித்தார். புருஷனை இழந்த ஒருத்தி, மாமியார் வீட்டில் இருக்க முடியாமல், துணிப்பையோடு பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குத் திரும்புகிறாள். மழை. அண்ணன் வந்து கதவைத் திறக்கிறான். அதோடு புத்தகம் கிழிந்திருந்தது.

யாருக்கும் மனசு ஆறவில்லை. அப்படியானால் ஆளுக்கொரு முடிவு சொல்லுங்கள் என்றார் அண்ணன். அண்ணன்காரன் கட்டிப்பிடித்து அழுவான் என்றார் மாஷ். "அண்ணிக்காரி உள்ள இருந்து என்ன சொல்லுவாளோ, அதுதானுங்க முடிவு" என்றான் கதிர்வேல். எங்கள் அண்ணி அவனை முறைத்தார். திருப்பி அனுப்பிவிடுவான், ஊரில் அதுதான் நடக்கிறது என்றார் சரோஜா டீச்சர்.

"அம்முணி, நீ?" என்றார் அண்ணன்.

நான் டீச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நானும் அப்படித் திரும்பி வந்தவள்தான். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் வாய் வரவில்லை.

அந்தப் புத்தகத்தின் முழுப் பிரதியைத் தேடி அண்ணன் பொள்ளாச்சியிலும் கோயமுத்தூரிலும் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினார். கடைசியில் கிடைத்துவிட்டது. எல்லாரும் "படிங்க, படிங்க" என்றார்கள். அண்ணன் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

"அம்முணி முடிவு இன்னும் வரலியே. அவ சொல்லட்டும், பொறவு எல்லாருஞ் சேந்து படிப்போம்."

"அப்ப நாம செத்தாலும் தெரியாதுங்க" என்றான் கதிர்வேல். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

போன வருஷம் தோப்பில் விழுந்தார். ஒரு பக்கம் கை கால் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவர் கட்டிலைச் சுற்றி நடந்தது. மாஷ் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். கதிர்வேல் போனில் யாராவது கதை வாசிக்கிறதைப் போட்டு அவர் காதோரம் வைப்பான். பிடித்த இடம் வந்தால் அண்ணனுக்குப் புருவம் ஏறும். அதைப் பார்க்கத்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

கடைசி ஞாயிறு எல்லாரும் சொல்லி முடித்ததும் அண்ணன் கண் என் பக்கம் திரும்பி நின்றது. "அக்கா, இன்னைக்காவது சொல்லுங்க" என்றார் சரோஜா டீச்சர். நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த இரண்டாம் நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டப் போனபோது அவர் வாங்கவில்லை. கண் மூடியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் காதுக்கிட்டே குனிந்து என் முடிவைச் சொன்னேன். புருவம் ஏறுமா என்று பார்த்தேன். ஏறவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு கஞ்சியை மூடி வைத்தேன். சாயங்காலம் மூச்சு நின்றுவிட்டது. அவர் கேட்டாரா, கேட்கவில்லையா? இந்த ஒரு வருஷமும் எனக்கு இதே வெசனம்தான்.

அன்று சொன்னதை இன்று உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அந்தக் கதையில் வருகிற அண்ணன் அழமாட்டான். ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டான். தங்கச்சி கையிலிருக்கிற ஈரப் பையை வாங்கிக்கொண்டு, "பஸ்ல உக்கார எடங் கெடச்சுதா அம்முணி?" என்று கேட்பான். அப்புறம் பக்கத்து அறையிலிருக்கிற உரமூட்டைகளைத் தானே தூக்கி வெளியே போட்டு அவளுக்கு இடம் பண்ணுவான். அதற்கப்புறம் ஒருநாளும் ஒன்றும் கேட்கமாட்டான். எங்கள் அண்ணன் என்னை அப்படித்தான் உள்ளே கூப்பிட்டார். அந்த அறையில்தான் இன்றைக்கும் படுக்கிறேன்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஆட்டோவில் கிடத்திக் கொண்டுபோய் வந்த கதிர்வேலுக்கும், தொண்டை கட்டியபோதும் வாசிப்பதை நிறுத்தாத மாஷுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் அண்ணியைத் தனியே விடாத சரோஜா டீச்சருக்கும், அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், நேரம் பார்க்காமல் வந்த நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பிக்கொள்கிறது. நீங்கள் செய்ததற்குத் திருப்பிச் செய்ய எங்களிடம் ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மலருக்காக அண்ணன் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். யாரும் படித்திராத பழைய பிரதி. சில தாள்கள் ஓரம் வெட்டாமல் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. கதவைத் திறக்கிற இடம் வரைக்கும் அண்ணன் கத்தியால் நேராக வெட்டியிருக்கிறார். அதற்கு மேல் வெட்டவில்லை. கடலை மடித்த தாளையும் விடாமல் படிக்கிறவர், அத்தனை வருஷமும் அந்தக் கடைசித் தாள்களை எனக்காகப் பிரிக்காமல் வைத்திருந்தார். அந்த முடிவு தெரியாமலே போயும்விட்டார்.

திதி முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை சாளையில் பாய் விரிக்கிறேன். எல்லாரும் வாருங்கள். கத்தி நான் கொண்டுவருகிறேன், மாஷ் வாசிக்கட்டும். புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் இருக்கட்டும், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு டீயை மட்டும் வேறு யாராவது ஊற்றுங்கள்.