காவலர் நடைக்குப் பணிந்த படகு

"அதிவேகப் படகோட்டி, பயணிகளின் உயிரைத் துச்சமாக மதிப்பவர்."

சான் ஹசிந்தோ துறைக் காவல் சாவடி, மிசாயெல் தபுயிமாவைப் பற்றி ஒட்டியிருந்த அறிவிப்பு இது. நெலிதாவைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்து முடிக்கவே மிசாயெலுக்கு ஆறு வருஷம் போதவில்லை. கடைசியில் அவளே கேட்டுவிட்டாள். அவருடைய படகும் அவரைப் போலத்தான். உகயாலி ஆற்றில் வாழைத்தாரும் ஆட்களும் சந்தைக்கு ஏற்றிப்போகும் பெக்கெபெக்கெ. எந்திரம் போடும் சத்தமே அதற்குப் பெயர். சத்தத்தில் பாதி வேகம் இருந்திருந்தால் அது பறந்திருக்கும்.

ஊருக்கு முன்னால் மிதவை வீடுகள். அலையடித்தால் அடுப்பு நனையும் என்பதால், அங்கே படகுகள் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகவேண்டும் என்று விதி. அளக்கக் கருவி எதுவும் கிடையாது. காவலர் ரெங்கிஃபோ கரையோரப் பலகைப் பாதையில், தொப்பையைத் தள்ளிக்கொண்டு நடப்பார். படகு அவரை முந்தினால் குற்றம். ஆறு அசையாமல் கிடந்த கோடையில் போட்ட விதி அது. இப்போதோ வெள்ளக்காலம். எந்திரத்தை முனக மட்டும் விட்டு நீரோட்டத்தோடு இறங்கி வந்தாலும், ஆறே படகைத் தூக்கிக்கொண்டு ரெங்கிஃபோவைத் தாண்டிவிடுகிறது. மிசாயெல் இரண்டு முறை மாட்டிக்கொண்டார். மூன்றாவது முறை சிக்கினால் உரிமம் பறிபோகும். படகை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"சார், நான் ஓட்டவே இல்ல. தண்ணிதான் இழுத்துட்டு வந்துச்சு."

"அப்ப தண்ணி மேல கேஸ் போடவாய்யா?"

"அதோ பாருங்க, மரக்கட்டை ஒண்ணு உங்களத் தாண்டிப் போகுது."

"கட்டைக்கு நான் உரிமம் குடுக்கலயே!"

திரும்பி ஆற்றை எதிர்த்து ஏறும்போது நடப்பதுதான் மிசாயெலின் வயிற்றை எரித்தது. எந்திரத்தை முழுக்க முறுக்கினாலும் படகு கரையை ஒட்டி ஊர்ந்துதான் போகும். அலை மட்டும் மிதவை வீடுகளைத் தொட்டிலாட்டும், பெண்கள் திட்டித் தீர்ப்பார்கள். முன்னால் நடந்துபோன ரெங்கிஃபோ நின்று, கொட்டாவி விட்டபடி காத்திருப்பார்.

"பாத்தீங்களா மிசாயெல் ஐயா, மனசு வச்சா எவ்ளோ ஒழுங்கா போறீங்க!"

மறுபடி இறங்குமுகமாக வந்த காலையில், ஊர் கண்ணில் பட்டதுமே நெலிதா ஆரம்பித்தாள்.

"இந்தாய்யா, எந்திரத்த அணைச்சிரு."

"அணைச்சா? தண்ணியோட தண்ணியா போனா திருப்ப முடியாதுடி. யார் வீட்டு அடுப்படிலயாவது போய் முட்டி நிப்போம்."

"அப்ப ஒண்ணு பண்ணு. நீ அந்தாளுகூட எறங்கி நட. நான் படகுல வர்றேன்."

பயணிகள் சிரித்தார்கள். மிசாயெல் சிரிக்கவில்லை. பலகைப் பாதையில் ரெங்கிஃபோ அடியெடுத்து வைப்பது தெரிந்தது. மிசாயெல் பல்லைக் கடித்துக்கொண்டு படகை ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கை வந்த வழிக்கே திருப்பி, எந்திரத்தை உறுமவிட்டார். மூக்கு மேலே முட்டியது. ஆறு கீழே இழுத்தது. ஆறுதான் ஜெயித்தது, ஆனால் மெதுவாக. படகு ரெங்கிஃபோவுக்குப் பக்கத்திலேயே, பின்பக்கமாக நடப்பதுபோல இறங்கியது.

"ஐயையோ, வீட்டுக்கே திரும்பிப் போறமா?" என்று கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அலறினாள்.

"பின்னால பாருங்கம்மா, சந்தை வந்துட்டே இருக்கு," என்றாள் நெலிதா.

மிதவை வீட்டிலிருந்து ஒருத்தி கரண்டியோடு வெளியே வந்தாள். "நாசமாப் போறவனே! அடுப்பு அணைஞ்சு போச்சு!"

"சாவடில சொல்லுக்கா!" என்று மிசாயெல் கத்தினார்.

சாவடியே எதிரில்தான் நடந்துகொண்டிருந்தது. ரெங்கிஃபோ படகைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். படகு அவரை ஓரடிகூட முந்தவில்லை.

"இதுதான் சரியான வேகம்," என்றார் திருப்தியாக. "இவ்ளோ நாள் இதச் செய்யறதுக்கு என்ன கேடு?"

சந்தைக்குப் போய்ச்சேர வைத்திருந்த எரியெண்ணெயில் பாதி, சந்தையை நெருங்காமல் இருப்பதற்கே எரிந்துபோயிருந்தது. உரிமம் தப்பியது. அறிவிப்பை யாரும் கிழிக்கவில்லை.

வெள்ளம் வடியும்வரை, ஊருக்கு முதுகைக் காட்டி வந்த வழியைப் பார்த்தபடி, மிசாயெல் தபுயிமா சான் ஹசிந்தோவைப் பின்பக்கமாகவே கடந்தார்.