தனிமையில் வாடும் முதியவராக நான்

சமூக வலைத்தளங்களைப் பற்றிப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கையில் போனைக் கொடுத்ததும் அறையின் விளக்கை அணைத்துவிடுவார்கள். நீல வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரியும். வெளியே கட்டாயம் மழை பெய்யும். ஆயிரம் நண்பர்கள் இருந்தும் அந்த மனிதருக்கு ஒரு டம்ளர் டீ கொடுக்க நாதி இருக்காது. அவர் போனுக்கு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வராது, காஸ் சிலிண்டர் கிளம்பிவிட்டது என்ற செய்தியும் வராது. எனக்கு வருவதெல்லாம் அவைதான்.

அப்படிப்பட்ட ஒரு குறும்படத்தில் நானே நடிக்கும்படி ஆயிற்று. மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில் எங்கள் தெருவைப் பார்த்ததுமே பெங்களூரிலிருந்து வந்த இளம் டைரக்டருக்குப் பிடித்துப்போனது. தகரக் கூரை வரிசை, பின்னால் சுரங்கக் கழிவு குவிந்த, மரமில்லாத சயனைடு மேடு. பிறகு என்னைப் பார்த்தார். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், மனைவி தவறிவிட்டாள், ஒரே மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள் என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்ததே, எனக்குக் கோபம்கூட வந்தது. கதை இதுதான்: மகனின் மெசேஜுக்குக் காத்திருந்து காத்திருந்து ஒரு கிழவர் கண்மூடுகிறார்.

"அங்கிள், ஸ்வல்ப... கொஞ்சம் சோகமா இருங்க. உங்களுக்கு யாருமே இல்ல."

எங்கள் தெருவில் யாருமே இல்லாமல் இருப்பது அவ்வளவு சுலபமா என்ன? நான் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை வெறித்தால், எதிர்வீட்டு அம்மா கம்பி வழியாக எட்டிப்பார்த்து, "இன்னா சார், சார்ஜ் இல்லியா? எங்க வூட்ல போட்டுக்கறீங்களா?" என்பார். பெருமூச்சு விட்டால் வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் வரும். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் யாருமே இல்லை என்று அந்த டைரக்டர் பையன் சொன்னது ஒரு விஷயத்தில் என்னைக் குத்தியது. நான் தினமும் காலையில் ஒரு பூப்படத்தின் மேல் வேதவசனம் போட்டு மகளுக்கு அனுப்புவேன். அவள் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாள். ஒருமுறை காய்ச்சல் என்று எழுதினேன், அதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. கேட்கக் கூச்சம், கேட்காமல் இருக்க வருத்தம். அவள் மனதில் நான் இன்னும் இருக்கிறேனா, இல்லை போனில் மட்டும்தானா? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

கடைசி நாள் சாவுக் காட்சி. அறை வெறுமையாக இருக்கவேண்டும் என்று கட்டில், நாற்காலி, டிவி மேஜை எல்லாவற்றையும் தெருவில் தூக்கிவைத்தார்கள். என்னை வெள்ளை வேட்டியில் பாயில் படுக்கவைத்து, முகத்துக்குப் பவுடர் அடித்து, தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினார்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் கறுப்புச் சட்டை. அதுதான் சினிமாக்காரர்களின் சீருடையாம். எதிர்வீட்டு அம்மா விசாரிக்க வந்தபோது, சத்தம் பதிவாகிவிடும் என்பதற்காக வாசலில் நின்ற பையன் உதட்டில் விரலை வைத்து, உள்ளே கையைக் காட்டியிருக்கிறான். அவர் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். பிறகு அவர்மேல் என்ன தப்பு சொல்ல முடியும்?

நான் எழுந்து போனை எடுப்பதற்குள் எங்கள் சர்ச் சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் நான் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தேன். கிறிஸ்துமஸ் பிக்னிக்கில் கூலிங்கிளாஸ் போட்டு எடுத்த போட்டோ, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஒருவர், "பழகுவதற்கு இனியவர்" என்று எழுதியிருந்தார். வெளியே சபையின் பெஞ்சுகள் வந்து இறங்கிவிட்டன. நான் வாசலுக்கு வந்ததும் எதிர்வீட்டு அம்மா, "ஐயோ, கீறாரு!" என்று கத்தி, பிறகு என்னையே திட்டினார். "உயிரோட கீறவர் இப்டியா சார் படுப்பாரு?"

அந்தக் குரூப்பில் என் மகளும் இருக்கிறாள் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். 'நான் நலம்' என்று எழுதினேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. வேலூரிலிருந்து, சென்னையிலிருந்து, துபாயிலிருந்தெல்லாம் போன் வந்தது. எல்லோருக்கும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. அவளிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. பார்த்தும் பேசாமல் விட்டுவிட்டாளோ? காலியான அறையில் போனைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "ரெண்டு நாளா வராத எக்ஸ்பிரஷன் அங்கிள், அப்படியே இருங்க" என்று டைரக்டர் கிசுகிசுத்தார்.

சாயங்காலம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, மகள் இறங்கினாள். செய்தியைப் பார்த்ததும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சார்ஜ் தீர்ந்துவிட, கையில் கிடைத்த ரயிலில் ஏறிப் பங்காருபேட்டையில் இறங்கி அங்கிருந்து ஓடிவந்திருக்கிறாள். பெஞ்சுகளைப் பார்த்ததும் ஆட்டோ பக்கத்திலேயே நின்றுவிட்டாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். அவள் என் கன்னத்தைத் தொட்டாள், விரலில் பவுடர் ஒட்டியது. அப்புறம் தெருவே கேட்கும்படி என்னைத் திட்டினாளே, அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

டைரக்டர் அதையும் எடுத்திருந்தார். ஆனால் படத்தில் வைக்கவில்லை. "நல்லா வந்துருக்கு அங்கிள், ஆனா நம்ப மாட்டாங்க" என்றார். படம் நான் காத்திருப்பதோடு முடிகிறது. இதுதான் இன்றைய உறவுகள் என்று யூடியூபில் அதன் கீழே பலரும் அழுதிருக்கிறார்கள்.

அன்றைக்குத் தெருக்காரர்கள் சாவு வீட்டுக்கென்று இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்திருந்தார்கள். வீணாக்கக் கூடாது என்று எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள் உட்பட. மகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

"ரயில்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேம்பா. கடைசியா நீ என்கிட்ட இன்னா பேசினன்னு ஞாபகத்துக்கே வரல. அதுக்குத்தான் அழுதேன்."

எனக்கும் ஞாபகம் வரவில்லை. அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

"சாப்டியான்னு கேட்டிருப்பேன்," என்றேன். "வேற இன்னா கேக்கப்போறேன்?"

அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.