அக்காவின் ரத்தமும் முருங்கைக்கீரை சூப்பும்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பேச்சு ஓய்ந்ததும் சுவரை அண்ணாந்து பார்ப்பார்கள். கடிகாரச் சத்தம் கேட்கும், கடிகாரம் இருக்காது. "என்னாத்த தேடறீங்க? அது என் நெஞ்சுல ஓடுது" என்பார் அக்கா. சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் அவர்கள் விழிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். நான் அக்கா என்று கூப்பிடுவது என் ஓரகத்தியை, என் கணவருடைய அண்ணன் மனைவியை. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்திருந்தது. வெகு காலம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் அது தெரிந்தது. நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அது மூடும்போதெல்லாம் டிக் என்று கேட்கும்.

உலோகத்தின் மேல் ரத்தம் உறைந்து ஒட்டப் பார்க்குமாம். ஒட்டினால் வால்வு சிக்கிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். அதனால் ரத்தம் சீக்கிரம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. மாத்திரை ஜாஸ்தியானாலும் ஆபத்து, பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. அதில் வரும் எண்ணை அக்கா 'என் மார்க்கு' என்பார். பள்ளிக்கூடத்தில் விட்டதையெல்லாம் இப்போது சேர்த்து வாங்குகிறாராம்.

அந்த மார்க்கு நிலையாக நிற்கவே இல்லை. பௌர்ணமி முடிந்து பரிசோதனைக்குப் போனால் கம்மியாக இருக்கும். ரத்தம் சீக்கிரம் உறைகிறது என்று மாத்திரையைக் கூட்டுவார்கள். அடுத்த முறை எகிறியிருக்கும், குறைப்பார்கள். மாத்திரையை விட்டுவிட்டீர்களா என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். ஒரு வேளைகூட விட்டதில்லை. ரத்தத்தை உறையவைக்கும் சத்து கீரையில் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் தட்டில் கீரையே வைத்துக்கொள்ள மாட்டார். பௌர்ணமிக்கு மலை சுற்றாததால்தான் இப்படி ஆகிறது என்றார் எங்கள் சூப்புக் கடைக்குப் பக்கத்துப் பூக்கடைக்காரம்மா. "நான் சுத்தலைன்னா என்னா, சுத்தறவங்களுக்கு சூப்பு ஊத்தறேன் இல்ல. மலைக்குத் தெரியாதா?" என்று அக்கா அவர் வாயை அடைத்துவிட்டார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம் எங்கள் கடை. முருங்கைக்கீரையை வேகவைத்து மசித்து, வடிகட்டாமல் மிளகு சீரகம் போட்டுத் தருவோம். மற்ற நாட்களில் காலையில் ஒரு குண்டானோடு சரி. பௌர்ணமியன்று குண்டான் மேல் குண்டானாக இறங்கும். "முட்டி வலிக்கு ஒரு டம்ளர், அடுத்த முட்டிக்கு இன்னொரு டம்ளர், வாங்க சாமி" என்று அக்கா கூப்பிடுவார். நான் பின்னால் உட்கார்ந்து கீரை உருவுவேன். யாராவது என்னிடம் விலை கேட்டால்கூட அக்காவைக் கைகாட்டிவிடுவேன்.

ஒரு பௌர்ணமி கழிந்த பிறகு, ஒரு காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து என் கையைப் பிடித்தார். "காது வச்சுக் கேளு. மாறிப்போயிருக்கு." கேட்டேன். துணி சுற்றி அடித்ததுபோல் சத்தம் மங்கியிருந்தது. அவர் கணவர் ஒன்றும் ஓடாமல் நின்றுவிட்டார். மாத்திரைப் பட்டையையும் ஒரு மாற்றுப் புடவையையும் பையில் போட்டது அக்காதான். "அடுப்ப அணைச்சிட்டு வா. பயப்படறதெல்லாம் வண்டியில ஏறினப்புறம்" என்றார். எனக்கு அப்படி வந்திருந்தால் யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டே உட்கார்ந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வால்வின் ஓரத்தில் சின்னதாக ரத்தக்கட்டி இருந்தது. சத்தம் மாறிய உடனே வந்ததால் ஊசி மருந்திலேயே கரைக்கப் பார்க்கலாம் என்றார்கள். டாக்டரம்மா கட்டில் அருகில் உட்கார்ந்து, என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கீரை?"

"தொடறதே இல்லம்மா."

அக்கா பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒன்று தெரியும். அந்த மாதிரி இடத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது. "சூப்பு குடிப்பாங்க. ருசி பாக்க. ஒவ்வொரு குண்டானுக்கும்" என்றேன்.

"அது ருசி பாக்கறதுதானே. சாப்பாடா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்த அக்கா, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். உப்புக்கு ஒரு வாய், மிளகுக்கு ஒரு வாய், சரியாகிவிட்டதா என்று அரை டம்ளர். பௌர்ணமியன்று எத்தனை குண்டான். "அடப்பாவி, ஒரு மரத்தையே குடிச்சிருக்கேனே" என்றார். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு, கீரையே கூடாது என்றில்லை, தினமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒரு நாள் ஒன்றுமில்லாமலும் ஒரு நாள் குடம் குடமாகவும் போனால் எந்த மாத்திரையும் ஈடுகொடுக்காது என்று விளக்கினார்.

கட்டி கரைந்து வீட்டுக்கு வந்ததும், கடையே வேண்டாம் என்றார் அக்காவின் கணவர். அவர் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது. அக்கா சண்டை போடவில்லை. "ஒரே ஒரு பௌர்ணமி கடையப் போட்டுப் பாப்போம். அதுக்கப்புறமும் மார்க்கு எறங்கினா நானே மூடிடறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே நாக்கு உன்னுது, வாய் என்னுது."

அந்தப் பௌர்ணமியன்று அக்காவின் கை பழக்கத்தில் கரண்டியை உதடு வரை கொண்டுபோகும், நிற்கும், என்னிடம் நீளும். எத்தனையோ வருடம் தன் நாக்கை நம்பித் தொழில் செய்தவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. முதல் குண்டானில் உப்பு கம்மி. அதை அவர் காதில் முணுமுணுத்தேன். "எனக்கு எதுக்கு ரகசியம்? வரிசையில நிக்கறவங்களுக்குக் கேக்கட்டும்." சொன்னேன். சொன்ன சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. "ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க, கொஞ்சம் பொறுங்க சாமி" என்று அக்கா உப்பை அள்ளினார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஓடி ஒளியவில்லை. இன்றைக்கும் எங்கள் கடையில் ருசி பார்ப்பது நான்தான். மிளகு போதாது என்றால் அடுத்த கடைக்குக் கேட்கும்படி சொல்கிறேன்.

பௌர்ணமி முடிந்து மூன்று பேருமாகப் பரிசோதனைக்குப் போனோம். முடிவைப் பார்த்த டாக்டரம்மா, மாத்திரையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "இதே போல இருங்க" என்றார். அக்காவின் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அக்கா வெளியே வந்து, படியிலேயே உட்கார்ந்து, கீழ்பென்னாத்தூரில் எங்களுக்குக் கீரை கொடுக்கிறவருக்கு போன் போட்டார்.

"அண்ணே, வர்ற பௌர்ணமிக்கு கீரை ஜாஸ்தியாவே கொண்டாங்க. ஆமா, நான்தான் பேசறேன். கடை இருக்கு."