சரசு திரும்பிப் போனாள்

இன்று கொச்சி மட்டாஞ்சேரியில் எலும்பு வைத்தியர் வீட்டில் தோள் பிசகோடு காத்திருந்தேன். சுற்றிலும் என்னோடு சுமை தூக்குகிறவர்கள்.

கை ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள் எங்கள் தெரு சரசு. ஏழு மாதக் கர்ப்பிணி. இடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன தங்கச்சி, நீயும் மிளகு மூட்டை தூக்கினியா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் அதே வண்டியில் திரும்பிப் போய்விட்டாள்.

பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து உழிச்சல் செய்கிறவர் வைத்தியரின் மனைவி. அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

"படுக்க முடியாம உக்காந்தே தூங்குது அந்தப் பொண்ணு. நான் கெஞ்சிக் கூப்பிட்டதாலதான் வந்துச்சு. சேட்டா, நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. அப்புறந்தான் உங்க தோளு."

சரசு வீட்டு வாசல்வரை போய், கூப்பிட வாய் வராமல் திரும்பிவிட்டேன்.

கேலி இல்லாமல் எனக்குப் பேச வராது. யாராவது ஒரு வார்த்தை சொல்லித் தாருங்களேன்.