வெண்ட்லர் வரைஞ்ச வத்திப்போன கடல்

கடற்கரைப் படம்னா ஜெர்மனியிலேயே கான்ராட் வெண்ட்லர்தான். இதை அவரே சொல்லுவாரு. பெர்லின் பத்திரிகைக்காரங்களும் சொல்லுவாங்க. அவங்க கடலைப் பாத்ததெல்லாம் தட்டுல வர்ற ஊறவச்ச மீன்லதான்.

இருவது வருஷமா எங்க கிழக்குக் கடலோர ஊர்ல, ஸ்டீனே பெர்மீன்ங்கிற பொம்பளை வீட்டு மாடியில குடியிருந்தாரு. கீழ ஸ்டீனே விலாங்கு மீனுக்குப் புகை போடுவா. மேல இவரு தாடி, கோட்டு, படம் வரையுற துணி எல்லாத்துலயும் அந்த வாடை. பெர்லின் சீமாட்டிங்க அதைக் கடல் வாசனைன்னு மோந்து சொக்குவாங்க.

கோடையில அந்தச் சீமாட்டிங்க ஓவியம் கத்துக்க வருவாங்க. கரையில வெள்ளைக் குடைக்குக் கீழ உக்கார வச்சு, "இயற்கையைப் பாருங்க, இயற்கையைப் பாருங்க"ன்னு கத்துவாரு. அவரு பாக்குறது எதிர்ல இருக்குற சீமாட்டியோட கழுத்தை. மத்த நாள்ல கரைப்பக்கமே போக மாட்டாரு. மூட்டு வலியாம். அடுப்போரம் உக்காந்து, வாலிபத்துல நாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற வடகடலுக்குப் போயி கிறுக்குன பழைய நோட்டைப் பாத்துப் பாத்து வரைவாரு.

அவருக்கு ஒரே ஆசை, மணல்மேட்டு மேல சொந்த வீடு. இவருக்குப் பின்னால வந்த ரெண்டு ஓவியருங்க அங்க கட்டிட்டாங்க. அந்த வீட்டுக் கூரையைப் பாக்குறப்பல்லாம் இவருக்கு வயிறு எரியும். மேடு ஊருக்குச் சொந்தம். ஊர்த்தலைவரு ஹின்ரிக் டாடே, பழைய கப்பல் கேப்டன், ஒரு நாள் கூப்பிட்டாரு.

"பெயிண்டரே, புது மண்டபத்துல கைசர் சக்கரவர்த்தி படத்துக்குப் பக்கத்துல மாட்ட நம்ம கரையை வரைஞ்சு குடும். ஊர்ச் சபைக்குப் புடிச்சா நிலம் உம்மது."

குளிர்காலம் பூரா வரைஞ்சாரு. காப்பி கொண்டுபோன ஸ்டீனே படத்தைப் பாத்தா.

"ஒரு எட்டு கரைக்குப் போயி பாத்துட்டு வாங்களேன் அய்யா."

"நீ விலாங்கைப் பாரும்மா. கடல் என் தலைக்குள்ள இருக்கு."

"அங்கயே இருக்கட்டும்"னுட்டு அவ எறங்கிட்டா.

மார்ச் மாசம் சபை கூடுச்சு. வெண்ட்லர் படத்து மேல இருந்த துணியை விலக்குனாரு. அந்தி வெளிச்சம், எங்க படகுங்களோட பழுப்புப் பாய், எங்க சர்ச்சுக் கோபுரம், எல்லாம் அச்சு அசல். ஆனா படகெல்லாம் சேத்துல சாஞ்சு கெடக்கு. தண்ணி அரை மைலு உள்வாங்கிப் போயிருக்கு. பொம்பளைங்க கடல் இருக்க வேண்டிய எடத்துல நடந்து சிப்பி பொறுக்குறாங்க.

வடகடல்தான் நாளைக்கு ரெண்டு தடவ வெளிய போயிட்டுத் திரும்பி வரும், குடிகாரப் புருஷன் மாதிரி. எங்க கடலு வச்ச எடத்துலயே கெடக்கும். இது எங்க ஊரு ஆடு மாட்டுக்கும் தெரியும்.

கெழவன் ஃபீட்டே வாயிலேர்ந்து பைப்பை எடுத்தான். "அடப்பாவி, தண்ணியை எவன்டா குடிச்சான்?"

சிரிப்புல மண்டபமே அதிர்ந்துச்சு. வெண்ட்லர் மொகம் செவந்துபோச்சு. "இது கலை! கலைஞன் பாக்குற கடல் வேற!"

"அப்ப அவருக்கு நிலத்தைக் குடுங்கப்பா," ஃபீட்டே விடல. "அந்தக் காஞ்ச எடத்துல அளந்து விடுங்க. வீட்டு வாசல்லயே மீனு புடிக்கலாம்."

டாடே மட்டும் சிரிக்கல. "இருவது வருஷமா இங்க கெடக்குறீரு. ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தாப் போதும். சரி, ஈஸ்டர் வரைக்கும் டைம். போயி பாத்து, தண்ணியை ஊத்திக் கொண்டாரும். நிலம் இருக்கு."

எவ்வளவு பெரிய மனசு பாருங்க. ஒரு வார வேலை. கரை முந்நூறு அடி தூரந்தான்.

மறுநாள் வெண்ட்லர் கோட்டு போட்டாரு, தொப்பி போட்டாரு, கதவைத் தொறந்தாரு. கடல்காத்து மூஞ்சியில அறைஞ்சுச்சு. கதவைச் சாத்திட்டாரு.

"மூட்டு வலி"ன்னாரு ஸ்டீனேகிட்ட.

"எந்த மூட்டுங்கய்யா?"ன்னா அவ.

ஈஸ்டருக்குள்ள படத்தைப் பெர்லினுக்கு அனுப்பிட்டாரு. அங்க அதுக்கு மெடலாம். மேட்டு நிலத்தை டாடே ஒரு பல் டாக்டருக்குக் குடுத்துட்டாரு.